கிளீனரின் இரண்டு தட்டு

முப்பது வருடம் லாரி ஓட்டியவனால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? பார்க்கின்சன் வந்த பிறகு என் கால்கள் அப்படித்தான். கூடத்தில் ஒழுங்காக நடக்கும். வாசல் வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு மட்டும் போ போ என்று உள்ளே கிடந்து கத்தும்.

எங்களைப் போன்றவர்களுக்குத் திருச்செங்கோட்டில் வாரம் ஒருநாள் பயிற்சி வகுப்பு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மல்லசமுத்திரத்திலிருந்து என் மனைவி பஸ்ஸில் கூட்டிப் போவாள். சொல்லித் தரும் பெண் கை தட்டுவார். ஒரு தட்டுக்கு ஓர் அடி வைக்க வேண்டும். மற்றவர்கள் தட்டுக்குத் தட்டு நடந்தார்கள். நான் தட்டுக்குத் தட்டு நின்றேன். மூன்று வாரமும் இதே கூத்து. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து செய்பவர்களோடு சேர்த்துவிடுவதாக அவர் பக்குவமாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எங்கே எழுந்திருப்பது?

அன்று வீடு திரும்பியதும் வாசலில் மறுபடி ஒட்டிக்கொண்டேன். கூட வந்த மனைவி கேட்டாள்.

"ஏனுங்க, கிளீனர் வண்டில ஒரு தட்டு தட்டுனா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்துவேன்."

"ரெண்டு தட்டுனா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவில் இரண்டு முறை தட்டினாள். கால் எழுந்தது. படியைத் தாண்டி உள்ளே போய் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் வகுப்பில் எனக்கு மட்டும் இரட்டைத் தட்டு. கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பினேன். நாற்காலியிலிருந்து தப்பித்தேன்.

ஆனால் இதற்குத் தட்ட ஓர் ஆள் வேண்டும். போன வாரம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தெருமுனை டீக்கடைக்கு நானே போய் வரலாம் என்று கிளம்பி வாசலில் மாட்டிக்கொண்டேன். நானே தட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றியது. கதவில் கை வைத்தேன். ஒன்று. இரண்டு. கை அதோடு நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று நடுக்கம் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தது. இப்படித் தட்டுகிற கிளீனரை நம்பி எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்?

டீக்கடையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கூப்பிட வெட்கமாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அவள் அரிசிப் பையோடு தெருவில் வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டே சொன்னாள்.

"அசையாம நில்லுங்க, வாரேன்."

அசையாமல்தான் நின்றேன், கையைத் தவிர.