பொங்கல் கிண்ணமும் வலது கையும்

நாலாம் வகுப்போடு என் படிப்பு சரி. பதினோரு வயதில் கெலிண்டானாக, டிரைவருக்குக் கையாளாக, லோரியில் ஏறினேன். செம்பனைக் குலையை ஏற்றி இறக்குகிற வேலை. முள் குத்தாத விரல் கிடையாது. இன்றைக்கு அதே மாதிரி லோரி நாலு என் பெயரில் ஓடுகிறது. கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் பெருந்துங் வரை என்னைத் தெரியாத எண்ணெய் மில் இல்லை. யாரும் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். கையை ஓங்கித்தான் ஏறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மலேசியாவுக்குக் கால்பந்து ஆடுகிறவள். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அப்படி ஒருத்தியைப் பெற்றவன் நான்தான். பயிற்சி முகாமுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நானே லோரியில் கொண்டுபோய் விடுவேன். மடியில் இன்ஜினியரிங் புத்தகம், காலடியில் பூட்ஸ். லோரி குலுங்குகிற குலுக்கலிலும் கணக்குப் போடுவாள். எழுத்து அச்சுப் போல இருக்கும்.

நாங்கள் வேலை செய்த தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லய வீடெல்லாம் போச்சு. ஆனாலும் வருஷா வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் ஜெராம் பக்கம் ஒரு திடலில் கூடுவோம். பொங்கல் கிண்ணத்துக்குக் கால்பந்து ஆட்டம். மேல் லயம் ஒரு டீம், எங்கள் கீழ் லயம் ஒரு டீம். இல்லாத லயத்துக்காக மண்டை உடையும். மேல் லயம் என்றால் எங்களை வேலை வாங்கின கங்காணி, மண்டோர் வீட்டுக் கூட்டம். அந்த மண்டோர் என் அப்பாவை எல்லார் முன்னாலும் செருப்பால் அடித்தவர்.

போன வருஷம் மண்டோரின் மகன், என் வயசுக்காரன், கடையில் வைத்துக் கேட்டான்: "உன் மக டீவியில மட்டும்தான் ஆடுவாளா? ஆம்பளைங்களோட ஆடச் சொல்லு லா."

"ஆடுவா. உன் மகன் காலைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மகள் முடியாது என்றாள். "திங்கக்கிழமை காலையில கடைசிப் பேப்பர்ப்பா. அது போனா ஒரு வருஷம் போச்சு. அடுத்த வாரம் முகாம் வேற."

"நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"உங்க வாய்க்கு நான் காலைக் குடுக்கணுமா?"

அறைந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூட்ஸை எடுத்துக்கொண்டு லோரியில் ஏறினாள். வழியில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

ஆடினாள் பாருங்கள்! பத்து நிமிஷத்தில் ஒரு கோல். மண்டோரின் பேரன், தடிமாடு, அவனைத் தாண்டிப் போய் அடித்தாள். அடுத்த தடவை அவன் பந்தைப் பார்க்கவில்லை, கணுக்காலைப் பார்த்து உதைத்தான். உருண்டாள், எழுந்தாள். அதற்கடுத்து முழங்கையால் முகத்தில் ஒரு இடி. மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. விசிலை வாயில் வைத்திருந்த நடுவர் ஊதவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மண்டோர் மகன் கத்தினான்: "கெலிண்டான் மகதானே! விழுந்த குலையைத் தூக்கி லோரியில போடுங்கடா!"

மூலைக் கொடி நட்டிருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பேரனின் மண்டையைக் குறிவைத்து முழு பலத்தோடு இறக்கினேன்.

"அப்பா, வேணாம்!"

நடுவில் பாய்ந்து கையை நீட்டினவள் என் மகள். பச்சை மட்டை முறிகிற சத்தம். வலது மணிக்கட்டு.

அப்புறம் திடலே சண்டை. நாற்காலி பறந்தது, ஒருத்தன் காது கிழிந்தது, எனக்கு இரண்டு பல் போச்சு. அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியது அந்த மண்டோர் பேரன்தான்.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "விளையாட்டுல" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

தேர்வைத் தள்ளி எழுத மனு போடலாமாம். ஆனால் கை எப்படி உடைந்தது என்று சாட்சிக் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் மனுப் போடவில்லை. எழுதினால் போலீஸ் என் வாசலுக்கு வரும். இடது கையால் தேர்வு எழுதினாள். மூன்று மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். போச்சு.

கால் நன்றாக இருந்ததால் முகாம் கைவிட்டுப் போகவில்லை. கட்டின் மேல் பஞ்சு சுற்றி ஆடவிட்டார்கள். புக்கிட் பெருந்துங்கில் ஒரு கடையில் டீவியில் பார்த்தேன், கோல் அடித்தாள். "என் மக!" என்று மேசையைத் தட்டினேன்.

பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "கையில என்னண்ணே கட்டு? எந்த நாட்டுக்காரி உடைச்சா?"

"நான்தான் உடைச்சேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சொல்கிற மற்றதையெல்லாம் நம்புகிற ஆள்.

இந்த ஜனவரியில் அதே பேப்பரை மறுபடி எழுதப் போனாள். விடியும்போதே லோரியைக் கழுவி, வாசலில் ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தேன். பூட்ஸையும் புத்தகத்தையும் ஒரே பையில் போட்டு, இடது தோளில் மாட்டிக்கொண்டு, லோரியைச் சுற்றி நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.