ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

ஓரக்காரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் ஓர்ப்படியின் வாயிலிருந்து. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், மூக்கை உறிஞ்சியபடியே சொன்னாள்: "என் தம்பி ஒருத்தியப் பாத்து வச்சிருக்கான். பேரு என்னடான்னா ஓரக்காரிங்கறான். ஏண்டா, நடுவுல இருக்கிறவளா ஒருத்தி உனக்குக் கெடைக்கலையான்னு கேட்டேன்." அந்தக் கண்ணீர் வெங்காயத்துக்கா தம்பிக்கா என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

பெயர்க் காரணம் ஒன்றும் பெரிதில்லை. அவள் மெத்தைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்து, நாலு ஓரமும் நாடா வைத்துத் தைத்து மூட வேண்டும். நேராகத் தைக்க யாருக்கும் வரும். மூலை திரும்பும்போதுதான் கை தெரியும். துணி சுருங்காமல் மெத்தையை இடுப்பால் தள்ளித் திருப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளுடைய சொந்தப் பெயர் வருகை அட்டையில் மட்டும் இருந்தது. என் ஓர்ப்படியின் தம்பி அதே இடத்தில் பழைய பஞ்சு கிழிக்கிற மெஷினில் நின்றான். கல்யாணம் ஆன புதிதில், "ஊரே நடுவுல படுத்துத் தூங்குது, என் பொண்டாட்டி ஒருத்திதான் ஓரத்தப் பாத்துக்கறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு இருபத்திரண்டு வருஷம் ஓடியது. பிறகு சிரித்தால் கூடவே இருமலும் வந்தது. அப்புறம் சிரிக்காமலே இருமல் வந்தது. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய்க் குடித்தனம் வைத்துவிட்டது. இனி காலி செய்யாது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். முழங்கால் உயரப் பெட்டி, அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும், ஒரு மணி நேரம்கூடக் குறையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மெஷின் ஓரக்காரியின் தொழிலாளர் அட்டைக்குக் கிடைத்தது. வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் மெஷினும் போகும். பெற்ற பெண் ஒருத்தி, எட்டாத தூரத்தில் வாழ்க்கைப்பட்டவள், போனில் அழுவாள். அழுகைதான் வரும், ஆள் வர வழியில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவள் வேலைக்குப் போகிற பஸ் நின்றது. பழுதாகி நிற்கவில்லை, அந்தத் தடத்தையே எடுத்துவிட்டார்கள். நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். தொழிற்சாலை இருபது கிலோமீட்டர், வேலை காலை ஆறு மணிக்கு. யார் யாரோ வண்டியில் தொற்றிக்கொண்டு பத்து நாள் போனாள். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். "அக்கா, வருஷத்துல மூணு தடவ லேட்டானா பேர எடுத்துடுவாங்க. நான் எழுதற ஆளு, அழிக்கிற ஆளு இல்ல" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

அவள் கேட்டுப் போனதும் சைக்கிள் கடைக்காரர் மோட்டார் வைத்த சைக்கிள் இரண்டை வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். இரண்டும் யாரோ ஓட்டிக் கழித்தவை. ஒன்றில் பெட்ரோல் மோட்டார். மற்றதில் பேட்டரி.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. பெட்ரோல் வண்டி கழுத மாதிரி. கத்தும், நாறும், ஆனா ஊத்தினா போகும். பேட்டரி வண்டி புது மாப்பிள்ள. சத்தமே இருக்காது. ஆனா நல்லாத் தூங்க வச்சாத்தான் காலைல எழுந்திருக்கும்."

"எனக்குக் கழுதையே போதும்பா. கட்டறதுக்கு எடம் எங்க?"

அதுதான் சிக்கல். அவர்கள் இருந்தது நீளமான கட்டடம் ஒன்றில், தரையோடு ஒரே அறை. வெளி நடையில் விட்ட சைக்கிள் விடிந்தால் இருக்காது. அந்த வருஷம் மட்டும் மூன்று போயிருந்தன. வண்டியை அறைக்குள், அவன் கட்டில் காலடியில்தான் நிறுத்த வேண்டும். மெஷின் கொண்டுவந்து வைத்த ஆள், நெருப்போ பெட்ரோலோ பத்தடிக்குள் வரக் கூடாது என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அறையே பன்னிரண்டடி. அவள் அடுப்பைக்கூட நடைக்குத் தள்ளிவிட்டாள். அது போக, தெருவில் ஒரு மோட்டார் புகை விட்டுப் போனாலே அவனுக்கு இருமல் கால் மணி நேரம் பிடித்து உலுக்கும்.

பேட்டரி வண்டிக்கு நாற்றமில்லை, புகையில்லை. ஆனால் அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதில் மெஷின் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும். இஸ்திரிப் பெட்டி போட்டே பார்த்தாயிற்று. கட்டடக்காரர், "ஒரு ரூமுக்கு ஒரு பாயிண்ட்தான். உனக்கு ரெண்டு வச்சா எல்லாரும் கேப்பாங்க" என்று கதவை மூடிக்கொண்டார். தொழிற்சாலையில் சார்ஜ் போடக் கேட்டாள். சுற்றிலும் பஞ்சு, ஒரு பொறி போதும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

"எத்தன மணி நேரம்பா ஏறணும்?"

"ஏழு."

ஓரக்காரி விரல் விட்டு எண்ணினாள். நாள் ஒன்றுக்கு இருபத்து நாலு. அவனுக்குப் பதினாறு. மீதி எட்டு, வண்டிக்கு ஏழு. ஒரு மணி நேரம் கைமிச்சம். பிறந்ததிலிருந்து எதிலும் மிச்சம் பார்க்காதவள் அந்த ஒரு மணி நேரத்தில் மயங்கிப்போய்ப் பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அவனுக்கும் உற்சாகம்தான். "மூணு மணிக்கு நீ வந்ததும் நான் எறங்கிக்கறேன், வண்டி ஏறட்டும். பத்து மணிக்கு அது எறங்கட்டும், நான் ஏறிக்கறேன். ஷிப்டு மாத்திக்கிற மாதிரிதான். எத்தன நாள்தான் வேலவெட்டி இல்லாம ஒக்காந்திருக்கிறது?"

"ஏங்க, நீங்க மறந்து தூங்கிட்டா?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஷிப்டு விட்டிருப்பேனா நான்?"

விடவில்லைதான். வெயிலும் மழையும் போனது தெரியவில்லை. அவள் எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவாள்; அவன் உட்கார்ந்திருந்து பத்து மணிக்குச் சார்ஜரைப் பிடுங்கி மெஷினைச் செருகுவான்.

பனி இறங்கியதும் கணக்குப் பிசகியது. ஒரு காலை, பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகி நின்றது. இறங்கித் தள்ளினாள். அடுத்த வாரமும் அதே பாலம். இரண்டு லேட் விழுந்துவிட்டது.

"பனி பட்டா பேட்டரி கெழவன் மாதிரிதான், மூட்டப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துடும்" என்றார் கடைக்காரர். "இன்னொரு பேட்டரி தரேன். ஒண்ணு நின்னா இன்னொண்ண மாட்டிக்க. பையில போட்டுக்க."

அதற்கும் ஏழு மணி நேரம். ஓரக்காரி மறுபடி விரலை எடுத்தாள். ஏழும் ஏழும் பதினாலு. பதினாலோடு பதினாறு என்று தொடங்கியவள், அதற்கு மேல் போகாமல் விரலை மடக்கிக்கொண்டாள்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றான் அவன், அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது. "ரெண்டாவது பாதிக்கு மேல காலியாகாமத்தான வரும், மூணு மணி நேரத்துல ஏறிடும். நீ தூங்கு."

விடிகாலையில் அவள் எழும்போது இரண்டு பேட்டரியும் நிறைந்திருக்கும், அவன் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருப்பான். உதடு மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். குளிருக்கு அப்படி என்பான். ஒரு தடவை நடுவில் விழிப்பு வந்தபோது மெஷினின் உறுமல் காதில் விழவில்லை. மணி என்ன என்று அவள் பார்க்கவில்லை. புரண்டு படுத்துக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெஷினைத் துடைத்துச் சரிபார்க்க ஒரு ஆள் வருவான். அன்று அவள் வீட்டில் இருந்தாள். மெஷினின் முதுகில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு. வந்தவன் குனிந்து பார்த்தான், போன தடவை எழுதியதையும் பார்த்தான்.

"என்னம்மா இது? கொஞ்ச காலமா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரந்தான் ஓடியிருக்கு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவன் சுவரைப் பார்த்தான்.

அந்த ஆள் போனதும் சண்டை பிடித்தாள். "யார ஏமாத்தறீங்க? நாளைலேருந்து அந்த ரெண்டாவத நான் தொட மாட்டேன்."

"தொடாத." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "வண்டி பாலத்துல நிக்கும். மூணாவது லேட்டு விழும். அட்ட போகும். மெஷினத் தூக்கிட்டுப் போவான். அப்ப எனக்கு எத்தன மணி நேரம்? இப்ப பத்து மணி நேரமாவது இருக்கு. சொல்லு, நீதான் விரல் விட்டு எண்ணுவியே."

அவள் எழுந்து நடைக்குப் போனாள். பக்கத்து அறைக்காரியிடம் கேட்டாள்; அவள் இரண்டு நாள் சார்ஜ் போடவிட்டாள், மூன்றாம் நாள் அவள் புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதோடு அதுவும் முடிந்தது. நாலாம் நாள் விடியலில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி முடித்த பேட்டரிகள் வாசலருகே தயாராக நின்றன. ஓரக்காரி ஒன்றை வண்டியில் மாட்டினாள், மற்றதைப் பையில் போட்டாள், கிளம்பினாள். அன்றும் போனாள், மறுநாளும் போனாள்.

பனி முடியப்போகிற சமயம், ஒரு முற்பகல். அவள் ஒரு பெரிய மெத்தையின் மூன்றாவது மூலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து தையல் மெஷினை அவரே அணைத்தார். "அக்கா, வீட்டுக்குப் போங்க. இத லேட்டுல எழுத மாட்டேன்."

வரும் வழியில் இரண்டாவது பேட்டரியை மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு வண்டி பாலத்தில் நிற்கவில்லை. ஒரே மூச்சில் வீடு சேர்த்தது. அறையில் பக்கத்து அறைக்காரி நின்றிருந்தாள். குழாய் அவன் மூக்கில்தான் இருந்தது, மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன்தான் போய்விட்டிருந்தான்.

துக்கத்துக்குப் போனபோது என் ஓர்ப்படி அவளிடம் முகம் கொடுக்கவில்லை. "ஓரக்காரி நல்லா ஓரம் கட்டிட்டா என் தம்பிய" என்று என் காதருகே சொன்னாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் தம்பியைப் பறிகொடுத்தவளிடம் என்ன வாதாடுவது? ஓரக்காரி காதில் அது விழுந்திருக்கும். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டும் நீட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் மெஷினைச் சரிபார்க்கிற ஆள் வந்து மீட்டரில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு மெஷினை எடுத்துப்போனான்.

ஓரக்காரி இப்போதும் அதே அறையில்தான் இருக்கிறாள். பிளக் பாயிண்ட் முழுக்க வண்டிக்குத்தான். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஆறாகப் பத்து நிமிடம் இருக்கும்போதே தொழிற்சாலை வாசலில் நிற்கிறாள். மூன்றாவது லேட் இன்னும் விழவில்லை.