ஓடைக்கு அந்தப் பக்கத்து உறைமோர்

சுல்மீராவைப் பற்றி எழுதினால் அவள் தங்கை இவோனே மனசு புண்படும் என்கிறார்கள். படட்டுமே. பிரேசிலில் அந்தக் காவியாவ் மலையில் வீடு வீடாகச் சீஸ் ஏற்றிப் பெலோ ஒரிசோன்ட்டி சந்தைக்குக் கொண்டுபோன வண்டிக்காரன் நான். நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தேன்.

தாயில்லாத தங்கையை வளர்த்து ஆளாக்கி, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஒனோஃப்ரேக்குக் கட்டிக்கொடுத்தவள் சுல்மீரா. போகும்போது ஒரு செம்பு உறைமோரையும் கொடுத்தனுப்பினாள். பிங்கோ என்பார்கள் அதை. உப்புத் தடவிய சீஸிலிருந்து ராத்திரி முழுக்கச் சொட்டும் நீர். காலையில் கறந்த பாலில் அதை விட்டால்தான் மலைச் சீஸின் ருசி வரும். ஒரு வீட்டில் அது கெட்டுப்போனால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பிங்கோ கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் மலையில் கிடையாது. வெட்டுக்குத்துப் பகையாக இருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி சண்டை போடுவார்கள்.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன முத்திரை வந்தது. காவியாவ் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் போலி விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயரைக் காப்பாற்றச் சங்கம் சேர்ந்து, மலையில் செய்த சீஸுக்கு மட்டும் முத்திரை என்றது. நியாயம்தான், நானே கைதட்டினேன். மலை எங்கே முடிகிறது என்று கேள்வி வந்தபோது, கோடு போட வசதி என்று ஓடையை எல்லையாக்கிவிட்டார்கள். ஒரே புல், ஒரே மழை. தங்கை உள்ளே, அக்கா வெளியே.

முத்திரைச் சீஸுக்குச் சந்தையில் அடிபிடி. சுல்மீராவின் சீஸை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்கினார்கள். போலியாம்! ஓடைக்கு அவள் பக்கம் இருந்த மற்றவர்கள் மாட்டை விற்றுவிட்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் சுற்றுவட்டாரத்தில் தெரிந்தவர்களுக்கு விற்றுக் காலம் தள்ளினாள்.

ஒரு மழைக்காலத்தில் அவள் உறை கெட்டது. சீஸெல்லாம் உப்பி வெடித்து நாறியது. அத்தனையையும் பன்றிக்குப் போட்டுவிட்டு, செம்போடு ஓடையைத் தாண்டி வந்தாள். இவோனே வாசலில் நான் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியாளுக்கு உறை கொடுத்தால் முத்திரையைப் பிடுங்கிவிடுவோம் என்று சங்கம் சொல்லியிருந்ததால், இவோனே வாசற்படியை விட்டு நகரவில்லை.

"பிள்ளைங்க படிப்பே இதுலதான் ஓடுதுக்கா. யாராச்சும் போய்ச் சொல்லிட்டா?"

"யாரு சொல்லுவா, இந்த வண்டிக்காரனா? அவனுக்குப் பொண்டாட்டி பேரே ஞாபகம் இருக்காது."

நான் சிரித்தேன். இவோனே சிரிக்கவில்லை.

"உன்கிட்ட இருக்கிறதே என் உறைதாண்டி," என்றாள் சுல்மீரா.

"தெரியும்க்கா." அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

கடையில் விற்கும் உறைத்தூளைப் போட்டுப் பார்த்தாள் சுல்மீரா. சோப்புக்கட்டி மாதிரி வந்தது. தெரிந்தவர்களும் வாங்குவதை நிறுத்தினார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி மாட்டை ஏற்றும்போது அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாங்க வந்தவனைக் கண்டபடி திட்டினாள். அவன் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பிறகு இவோனே தன் தொழுவத்துக்கே வேலைக்குக் கூப்பிட்டாள். உறை வெளியே போகத்தான் தடை, வெளியாள் கை உள்ளே வர இல்லை. சுல்மீராவும் போனாள், வேறு என்ன செய்வாள்? அந்தக் கை பட்டதும் இவோனேயின் சீஸ் போட்டியில் தங்கப்பதக்கம் வாங்கியது. சங்கத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். சொந்தபந்தம் வழியாகத்தான் உறை ஓடையைத் தாண்டுகிறது என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் உண்டா என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றாள் இவோனே. அப்படியானால் இந்தம்மா யார் என்று கைகாட்டினார்கள்.

"வேலைக்கு வர்ற பொம்பளதாங்க," என்றாள்.

சுல்மீரா நிமிர்ந்து பார்க்கவில்லை. பாலுக்குள் இருந்த கை மட்டும் சற்று நின்று, திரும்பவும் தயிர்க்கட்டியைக் கலைக்கத் தொடங்கியது. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாங்க, போங்க என்றுதான் பேச்சு. ஊர்க்காரர்கள் எதிரே மட்டுமில்லை, இருவரும் தனியாக இருக்கும்போதும் அப்படியே. இவோனே கெஞ்சினாள், சண்டை போட்டாள், பதக்கத்தையே தூக்கி ஓடையில் எறிகிறேன் என்றாள். ஒரு நாள் நான் சரக்கு எடுக்கப் போனபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆளில்லாதப்பவாச்சும் 'ஏய் இவோனே'ன்னு ஒரு தடவ கூப்பிடுக்கா."

"சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டு, சுல்மீரா பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.