மாரீஸ்வரிக்குத் திறக்காத கதவு

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஐந்து வருஷமாகச் சென்னைக் கம்பெனிக்குக் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் மாரீஸ்வரி. அவள் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. திடீரென்று உத்தரவு வந்தது: இனி எல்லோரும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும்.

"போய்த்தான் பாரேன். பாப்பாவ நான் பாத்துக்கிடுறேன்," என்றான் கணவன் விக்னேஸ்வரன். அவன் ராஜபாளையத்தில் நூற்பாலை எலக்ட்ரீஷியன்.

"ஷிப்டையும் பாத்துட்டு எம்புட்டு நாளைக்குங்க சமாளிப்பீக?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் துணியை எடுத்து வைத்தாள்.

பொதிகை ரயிலில் போய் இறங்கி, லேடீஸ் ஹாஸ்டலில் பெட்டியை வைத்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். முப்பது மாடி, மொத்தமும் கண்ணாடி. வாசல் தடுப்பில் கார்டை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் சிவப்புதான்.

"சிஸ்டத்துல உங்க பேரே இல்ல மேடம்," என்றார் செக்யூரிட்டி.

மேலாளருக்குப் போன் போட்டாள்.

"ஆக்டிவேட் ஆக ரெண்டு நாள் ஆகும். கீழயே உக்காந்து மீட்டிங்ல சேந்துருங்க."

"நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா சார்?"

"நான் இன்னைக்கு வீட்லதாம்மா."

வரவேற்பறை சோபாவில் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் வந்த ஒரு முகமும் அலுவலகத்தில் இல்லை. ஒருவருக்குப் பின்னால் துணி காய்ந்தது. இன்னொருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கண்ணாடிச் சுவர் வழியே வெயில் இறங்கி, திரையில் எண் எதுவும் தெரியவில்லை.

"சார், பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கேன். வந்தது நான் ஒருத்திதான். என்னையும் உள்ள விடல. பொறவு எதுக்கு சார் வரச் சொன்னீங்க?"

"அத ஹெச்.ஆர்.ல பேசிக்கலாம்," என்றார் மேலாளர்.

கார்டு ஒரு வாரம் கழித்து வேலை செய்தது. இருபத்தோராவது மாடியில், திறக்க முடியாத ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஊரில் இருந்தபோது பேசிய அதே ஆட்களோடு ஹெட்போனில் பேசினாள். விதிவிலக்கு கேட்டு மெயில் போட்டாள். விதி எல்லோருக்கும் ஒன்று என்று பதில் வந்தது.

மகளுக்கு அம்மை போட்டபோது, ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்றாள். வருகைப் பதிவு குறையும், முடியாது என்றார்கள். அன்றைக்கே ராஜினாமா அனுப்பிவிட்டு ஊருக்கு ரயிலேறினாள்.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் பாதிச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறாள். சொல்லிச் சொல்லியும் மனசு ஆறாமல் இருப்பவளை, "ஏட்டி, இன்னுமா அத நெனச்சிட்டிருக்க?" என்று விக்னேஸ்வரன் கடிந்துகொள்வான்.

"வேலை தெரியலன்னு அனுப்பியிருந்தா விட்டுருப்பேங்க," என்பாள் அவள். "என் வேலையில என்ன குறைன்னு ஒருத்தரும் சொல்லலையே!"