மார்க்கர் பேனாவைக் காணோம்!

போன சனிக்கிழமை குற்றாலம் போனோம். ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய் குளிக்கத் தடை. 'கொஞ்ச நேரத்துல விட்டுருவோம்' என்றார் போலீஸ்காரர். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்!

சாரல் கார் கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் மிளகாய் பஜ்ஜி தேடிப் போய்விட்டார். பின் சீட்டில் தோளில் துண்டோடு காதர் அண்ணாச்சி. தென்காசியில் எங்களுக்கு அடுத்த வீடு. வேலை துபாயில். ஒவ்வொரு லீவிலும் கிளம்புவதற்கு முதல் நாள் அருவியில் தலையைக் காட்டாமல் போக மாட்டார். மறுநாள் மதியம் திருவனந்தபுரம் ஏர்போர்ட் போக கார் சொல்லியாகிவிட்டது.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இட்லி வேகும் முன்பே மூன்று தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். காத்திருக்கச் சொன்னால்?

போனை எடுத்தேன். அண்ணாச்சியின் மகள் நஸ்ரீன் கோயம்புத்தூரில் கேம் டிசைன் படிக்கிறாள். ப்ராஜெக்ட்டுக்காக அவளே செய்த சின்ன கேம் ஒன்றை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஒரு மணி நேரந்தான் அத்தை. விளையாடிட்டு உள்ளதச் சொல்லுங்க. முடிவு ரொம்ப அழுகையா இருக்காம், மாத்துன்னு எல்லாரும் சொல்லுதாங்க. சீக்கிரம் குடுக்கணும். அதான் வாப்பாவ வழியனுப்ப வரல."

அதனாலா வரவில்லை? ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். வாப்பா கிளம்புகிற அன்று அவளுக்கு ஒரு பரீட்சை, ஒரு காய்ச்சல்... ஏதாவது வந்துவிடும். அண்ணாச்சி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அன்று காரில் ஏறியதிலிருந்து, "நஸ்ரீன் ஒங்களுக்காவது போன் பண்ணுனாளாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சரி, கேமுக்கு வருவோம். சுடுவது கிடையாது, ஓடுவது கிடையாது, பாயின்ட்டும் கிடையாது. கையால் வரைந்த ஒரு வீடு. எதைத் தொட்டாலும் அது நமக்கு ஏதாவது சொல்லும். கல்ஃபுக்குக் கிளம்பும் அப்பாவுக்கு நாம் அட்டைப் பெட்டி கட்ட வேண்டும். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை லுங்கிக்குள் சுற்றி வைக்க வேண்டும். அப்பாவைப் பெட்டியோடு எடை மெஷினில் ஏற்றி, பிறகு பெட்டி இல்லாமல் ஏற்றி, கழித்துப் பார்க்க வேண்டும். எடை கூடினால் எதை எடுப்பது — முறுக்கையா, மிளகாய்ப் பொடியையா? எங்கள் பக்கம் பாதி வீடுகளில் நடக்கிற கூத்துதான். இதற்குள் ஒரு புதிர் இருப்பது இவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

குறையும் உண்டு. எழுத்து ரொம்பப் பொடிசு. ஊறுகாயைத் தொட்டால் அப்பளம் கையில் வருகிறது. மாட்டிக்கொண்டால் ஒரு க்ளூ கொடுப்போம் என்கிற தயவு தாட்சண்யமே கிடையாது.

மாட்டிக்கொண்டேன்! பெட்டியை நைலான் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. மேலே பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் எது யார் பெட்டி என்று எப்படித் தெரியும்? மார்க்கர் பேனாவைக் காணோம். பீரோ, அடுப்படி, ஜன்னல், மெத்தைக்கு அடியில்... தொடாத இடமில்லை. அந்த வீட்டு அப்பாவும் பாவம், கூடவே தேடுகிறார்.

"என்ன கேம் இது!" என்று போனை மடியில் போட்டேன்.

பின்னாலிருந்து அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பேனா அந்தப் புள்ள கையிலல்லா இருக்கு."

"எந்தப் புள்ள?"

"விளையாடுத புள்ள. அடியில பாருங்க, கை தெரியுது."

ஆமாம். படத்தின் அடியில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு சின்னக் கைகள். ஒன்று விரிந்து, ஒன்று மூடி. மூடிய கையைத் தொட்டேன். திறந்தது. பேனா!

ஒளித்து வைத்திருப்பதே நாம்தான். பேர் எழுதாவிட்டால் பெட்டி போகாது, பெட்டி போகாவிட்டால் வாப்பாவும் போகமாட்டார்... ஒரு குழந்தையின் கணக்கு. பேனாவை நீட்டினால் அவர் பெயரை எழுதுவார், கேம் முடிந்துவிடும். நீட்டாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. கடைசியில் நீட்டிவிட்டேன். ஜெயித்துவிட்டு அழுதது எனக்கு இதுதான் முதல் தடவை.

"ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? விளையாடிட்டீங்களா?"

"எனக்கு எங்க அனுப்புனா? இது அவ சின்னப் புள்ளையா இருக்கையில எங்க வீட்ல நடந்ததும்மா. கைய மூடிட்டு நிக்கா, பேனா மூடி வெளிய தெரியுது. கேட்டா குடுத்துருவா. குடுத்துட்டா கெளம்பணும்லா? அதான் நானும் தேடுனேன். கட்டிலுக்கு அடியில போயி படுத்தே கெடந்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"என்னைய ஏமாத்திட்டதா நெனச்சிட்டிருக்கா. இருந்துட்டுப் போகட்டும்." சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். அருவிப் பக்கமே இன்னும் போகவில்லை.

தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறி என்று நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்! பாசத்தில் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள் போல.

கடைசி வரை குளிக்க விடவில்லை. "போவோம்மா, பெட்டி கட்டணும்" என்றார் அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்ததும் நஸ்ரீனைக் கூப்பிட்டேன். அவர் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"முடிவ மாத்தாத. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோ. அந்த வாப்பா ஒரு தடவை அவ கையப் பாக்கணும். பாத்துட்டு, பாக்காத மாதிரி குனிஞ்சு தேடணும்."

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டுச் சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"தேடுனவரே சொன்னாரு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பெட்டி கட்டிட்டாங்களா அத்தை?"

"இப்பதான் கட்டுதாங்க."

"நான் பஸ் ஏறுதேன். காலைல வந்துருவேன். வாப்பாட்ட சொல்லாதீங்க. பெட்டில மட்டும் பேர் எழுத விட்டுராதீங்க... நான் எழுதணும்."

போனை வைக்கவில்லை, வாசலில் அண்ணாச்சி. "ஏம்மா, மார்க்கர் இருக்கா? வீட்ல உள்ளது எழுத மாட்டேங்கு."

என் மேசையில்தான் இருந்தது. சட்டென்று எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். "இங்கனதான் எங்கயோ வச்சேன் அண்ணாச்சி... தேடிப் பாக்கேன்."

அவர் என் கையைப் பார்த்தார்.

"மெதுவாத் தேடும்மா" என்றார்.