இடது கையால் கட்டிய கம்பைலர்

என் வலது கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது அத்தானின் கன்னத்தில். அக்காவின் புருஷனை அவர் இவர் என்று எழுத எனக்கு மனசு வராது. அவன் என்றே எழுதுகிறேன். அன்று மத்தியானம் அவன், பிள்ளையின் கண்முன்னே, அக்காவை மீன் கழுவுகிற கல்லின்மேல் பிடித்துத் தள்ளியிருந்தான். அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி நான் தனியாக இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். ஓங்கிக் குத்தினேன். அவன் கன்னம் வீங்கியது, என் விரல் கணுக்கள் முறிந்தன. அவனும் சும்மா இருக்கவில்லை; என் தலையைக் கதவு நிலையில் இரண்டு முறை மோதினான். அக்கா ஐஸ்கட்டி எடுத்து வந்து முதலில் அவன் கன்னத்தில்தான் வைத்தாள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவன் சங்கு குளிக்கிறவன். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிப்பவன், அவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்கிற நம்பிக்கை. முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எங்கள் ஆட்களில் சிலர் இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. இப்போது யாரும் மூச்சடக்கி இறங்குவதில்லை. வள்ளத்தில் எஞ்சின் ஓடும், அதில் பெல்ட் போட்டு கம்ப்ரசர் சுற்றும், அதன் தொட்டியிலிருந்து ஓஸ் குழாய் வழியாகக் காற்று கீழே போகும். ஓஸ் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது எட்டுப் பத்து ஆள் ஆழத்தில் சங்கு பொறுக்குவார்கள். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் கயிற்றை விட வேண்டும். விடாமல் இழுத்தால் ஆளைத் தூக்க வேண்டும். அவனுக்குக் கயிறு பிடிக்கிற மச்சினன் நான்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு என் வாசலில் வந்து நின்றான்.

"ஏலே, ஒன் கை எப்பச் சரியாவும்?"

"ஆறு வாரம் கட்டு."

"அதுவரைக்கும் நான் மண்ணத் திங்கவா? வேற எவன் கையிலயும் என் உசுரக் குடுக்கமாட்டேன், பாத்துக்க."

முந்தின நாள் என் மண்டையை உடைக்கப் பார்த்தவன் பேசுகிற பேச்சு இது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அடிக்கவும் நான்தான், உதவவும் நான்தான்.

அவன் கரையில் கிடந்தால் அக்காவுக்குத்தான் ஆபத்து. சும்மா இருக்கிற அவன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அவன் கடலில் இருக்கிற நேரம்தான் அவளுக்கு நல்ல நேரம். எப்படியாவது அவனைத் திரும்பக் கடலுக்கு அனுப்ப வேண்டும், அவள் பொருட்டு உயிரோடு திரும்பவும் வைக்க வேண்டும். அதற்காகத்தான் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கிற ஒரு பெட்டி செய்ய இறங்கினேன்.

நான் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் படகுகளின் ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் பழுது பார்ப்பவன். யோசனை எளிமையானது. காற்றுத் தொட்டியில் ஒரு சென்சார், அதோடு ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. காற்று நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இருந்தால் பச்சை விளக்கு, குறைந்தால் சிவப்பும் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தமும். சென்சார் வயர் அறுந்துபோனாலும் சிவப்புதான் வர வேண்டும். புரோகிராம் நாற்பது வரிகூட இல்லை. ஆனால் அதை எழுதுகிற கம்ப்யூட்டர் ஒரு சாதி, ஓட வேண்டிய சில்லு வேறு சாதி. இதில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் புரிகிறபடி மாற்றித் தரும் கம்பைலர் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய டெஸ்க்டாப். அந்தச் சில்லுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கிற கம்பைலர் எதுவும் அந்தக் கிழத்தில் ஏறவில்லை. மூலத்திலிருந்து நானே கட்ட வேண்டியதாயிற்று, அதுவும் இடது கையால்.

அது கோழி முதலா முட்டை முதலா கதை. முதலில் அசெம்பிளரும் லிங்கரும், பிறகு அரைகுறையாக ஒரு கம்பைலர், அந்த அரைகுறையை வைத்து ஒரு நூலகம், அந்த நூலகத்தை வைத்து முழுக் கம்பைலர். ஒரு படியில் ஒரு எழுத்து தப்பினால் மூன்றாவது படியில் முகத்தில் அறையும். காலையில் ஓடவிட்டால் சாயங்காலம்தான் முடியும். நடுவில் கரண்டு போனால் அன்றைய பாடு அம்போ. மேசையை எத்தனை தடவை உதைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் மாவுக்கட்டுக் கையாலேயே சுவரைக் குத்திவிட்டு வலியில் தரையில் உட்கார்ந்து ஊளையிட்டேன்.

அவன் தினமும் வந்து பக்கத்தில் உட்காருவான். திரையில் வரி வரியாக ஓடுவதைப் பார்ப்பான்.

"இது எப்பம்லே வேவும்?"

"மத்தியானத்துக்கு மேல."

"நெருப்பக் கூட்டி வையி."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனோடு சேர்ந்து சிரித்தேன் என்பதை மறைக்க முடியாது. சிரிக்கத் தெரிந்த மனுஷன் அவன். அதுதான் அக்கா இத்தனை வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்ததற்குக் காரணம்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையிலேயே குடித்துவிட்டு வந்தான். முழுக் கம்பைலர் பாதிக்குமேல் ஏறியிருந்தது. "எத்தன நாளாலே இந்தச் சவத்துப் பெட்டிய நோண்டுவ? என்னயக் கரையில கெட்டிப் போடதுக்குத்தான இந்த வேல பாக்க?" என்று சொல்லி டெஸ்க்டாப்பை ஒரு உதை விட்டான். அது சாய்ந்து விழுந்து திரை கருத்துப்போனது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. கீபோர்டைப் பிடுங்கி அவன் முகத்தில் அடித்தேன். எழுத்துக் கட்டைகள் தெறித்து அறையெல்லாம் சிதறின. அவன் என் கழுத்தைப் பிடித்தான். நான் மாவுக்கட்டால் அவன் காதுப்பக்கம் இடித்தேன். தெருக்காரர்கள் வந்துதான் பிரித்தார்கள். எழுந்து போகும்போது வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நாளைக்கு வாரேன், முடிச்சு வையி" என்றான்.

உடைந்ததைச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து கட்டினேன். அந்த வாரக் கடைசியில் கம்பைலர் வேலை செய்தது. விளக்கைச் சிமிட்டவைக்கிற சின்னப் புரோகிராமை அதில் மாற்றி போர்டில் ஏற்றினேன், விளக்கு சிமிட்டியது. பெருமை தாங்கவில்லை. அடுத்து பெட்டியின் நாற்பது வரிகளைச் சோதித்தேன். போர்டைத் தொட்டியில் மாட்டிக் காற்றைக் குறைத்தேன், சிவப்பு வந்தது. வயர் அறுந்த கணக்கை மட்டும் டெஸ்க்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். சென்சார் செத்தால் மைனஸ் ஒன்று வரும்படி எழுதியிருந்தேன். மைனஸ் ஒன்று அறுபதை விடச் சின்னது, சிவப்பு என்று திரையில் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஐந்தாம் வாரம் காற்று அடங்கிக் கடல் தெளிந்தது. "பெட்டியும் இருக்கு, ஒன் இடது கையும் இருக்கு, போதும்லே" என்று கிளம்பினான். விடிகிற நேரத்தில் அக்கா கஞ்சித் தூக்குச்சட்டியோடு கரைக்கு வந்தாள். இடது புருவம் பிளந்து, அதன்மேல் காப்பித்தூள் அப்பியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன்.

வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர்: அவன், நான், எஞ்சினைப் பார்க்கிற அண்ணாச்சி ஒருவர். சங்கு கிடக்கிற கடலடிப் பாருக்கு மேலே நங்கூரம் போட்டு அவன் இறங்கினான். கயிற்றை ஒரு சுற்று முளையில் போட்டு இடது கையில் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் பச்சை எரிந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும், சாட்டையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். கம்ப்ரசர் பெல்ட் அறுந்து, சுழன்று என் முழங்காலைக் கிழித்துக்கொண்டு கடலில் போய் விழுந்தது. போகிற போக்கில் சென்சார் வயரையும் பிய்த்துவிட்டது. எஞ்சின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியைப் பார்த்தேன். பச்சை.

"ஏலே, பெல்ட்டு போச்சு, ஆளத் தூக்கு!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"பச்சதான எரியுது அண்ணாச்சி" என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது, பிறகு விடாமல் வெட்டி இழுத்தது. தூண்டிலில் மாட்டிய பெரிய மீன் மாதிரி என் கையைப் பிடுங்கியது. நான் முளையில் சுற்றிய கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். கண் பச்சை விளக்கிலேயே இருந்தது. மனசுக்குள் அக்காவின் பிளந்த புருவம் இருந்தது. எத்தனை மூச்சு அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

அண்ணாச்சி துடுப்புக் கட்டையால் என் முதுகில் ஒரே போடு போட்டார். கயிற்றைப் பிடுங்கி இழுக்க ஆரம்பித்தார். அடி விழுந்த பிறகுதான் நானும் இழுத்தேன், கட்டுப்போட்ட கையும் சேர்த்து. மேலே வந்தபோது அவனுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். கண் மேலே செருகியிருந்தது. கவிழ்த்துப் போட்டு அண்ணாச்சி முதுகில் குத்தக் குத்தத் தண்ணீரைக் கக்கினான். அண்ணாச்சி நங்கூரத்தைத் தூக்கி வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தான். ஒரு காது போய்விட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பெட்டி ஏமாத்திட்டு. ஒடஞ்ச கையோட எம் மச்சினன் இழுத்தாம் பாரு, அதான் உசுரோட கெடக்கேன்" என்று சொன்னான். நான் கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணாச்சி ஒருமுறை வந்தார், என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வயரைக் கழற்றிப் பார்த்தேன். பச்சை. திரும்பத் திரும்பப் பச்சை. இரண்டு நாளில் பிழை கிடைத்தது. அந்த எண்ணைப் போட்டு வைத்த ஒற்றை பைட் இடத்தில், டெஸ்க்டாப்புக்கென்று அதில் முன்பே இருந்த கம்பைலர் மைனஸ் எண்ணை ஒத்துக்கொள்ளும். நான் பாடுபட்டுக் கட்டிய கம்பைலரோ அந்தச் சில்லுக்கு அதை ஒத்துக்கொள்ளாது. அங்கே மைனஸ் ஒன்று இருநூற்று ஐம்பத்தைந்தாக மாறிவிடும். செத்த சென்சார், தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும். சேர்த்தேன். சிவப்பு எரிந்தது, அலறியது. எனக்குக் கிடைத்த சந்தோஷம் அசிங்கமான சந்தோஷம். குற்றம் என்னுடையது இல்லை, அந்த ஒரு வரியுடையது என்று காட்ட ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் விளக்கினேன், வயரைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"சரி, வெளக்கு பொய் சொல்லிட்டு. பெல்ட்டு அந்து ஒன் கால்ல அடிச்சத நீ பாத்தியா, பாக்கலையா?"

அண்ணாச்சி வீட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

"பாத்தேன்."

"கயிறு வெட்டுனது?"

"தெரிஞ்சிச்சு."

கன்னத்தில் பளீரென்று ஒன்று விட்டாள். அவள் கை யாரையும் அடித்து நான் பார்த்ததே இல்லை. அடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அடிக்கவன் ஒருத்தன். எனக்காகக் கொல்லப் பாக்கவன் ஒருத்தன். ரெண்டு பேருல ஒருத்தனாவது என்ட்ட, ஏளா ஒனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேட்டியளாலே?"

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்போதுதான் கவனித்தேன். அவளுடையதும் பிள்ளையுடையதும் மட்டும் ஒரு பையில் இருந்தன. அன்றைக்கே மாப்பிள்ளையூரணியில் ஒரு ஒற்றை அறைக்குப் போய்விட்டாள். மீன் கம்பெனி ஒன்றில் இறால் உரிக்கும் வேலையும் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் பூட்டிய வீட்டுக்குத்தான் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அவளைப் பார்க்கப் போவேன். பேசுவாள், காப்பியும் தருவாள், வாசப்படிக்கு வெளியே நிற்கவைத்துத்தான். சில ஞாயிறு எனக்கு முன்பே அவன் வந்து அங்கே நின்றுகொண்டிருப்பான். போய் அவன் பக்கத்தில் நிற்பேன்.