கிளிப்பில் ஏறிய பாதிப் புத்தகம்

ரங்கூனின் லத்தாப் பேட்டையில் எங்கள் பழைய கட்டடத்திலிருந்து கடைசியாக இறங்கியவர் நாலாம் மாடி அண்ணன். உடன்பிறந்தவர் அல்ல, பழக்கத்தில் அண்ணன். அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கித்தான் இறக்கினார்கள். முதலில் இறங்கியவன் நான்.

இடித்துவிட்டு ஓட்டல் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று முதலாளியின் ஆட்கள் வந்தபோது, அண்ணன் எங்கள் எல்லோரையும் காளி கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஒருவரும் இறங்குவதில்லை என்று எரியும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தோம். அந்த மாதமே ஊரின் இன்னொரு பக்கம் தாமுவேயில் வீடு அமைந்தது, சாமான்களை ஏற்றிவிட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். காரணத்துக்கா பஞ்சம்? என்னைப் பார்த்து மற்றவர்களும் நழுவினார்கள்.

எனக்கு வாடகைப் புத்தகக் கடை. தடித்த புத்தகத்தை இரண்டாக அறுத்துத் தனித்தனி அட்டை போடுவது எங்கள் தொழில் வழக்கம். வாடகையும் இரண்டு கிடைக்கும். அண்ணனுக்குப் போர்க்கதை என்றால் உயிர். சில நூறு போலந்து வீரர்கள் காங்கிரீட் அரண்களுக்குள் இருந்துகொண்டு பல்லாயிரம் ஜெர்மானியரைத் தடுத்து நின்ற கதையின் முதல் பாதியைக் கொண்டுபோனேன். உயிரோடு இங்கிருந்து போகமாட்டேன் என்று அதில் தளபதியும் சத்தியம் செய்கிறான்.

படியேறி அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ரங்கூனில் பால்கனிக்குப் பால்கனி தெருவரை கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். கீழே ஆட்டினால் மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்வார்கள். பேப்பரும் மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலமும் போகிற வழியில் புத்தகத்தையும் அனுப்பினேன்.

அடுத்த வாரம் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"ரெண்டாம் பாதி எங்க தம்பி?"

"வாடகைக்குப் போயிருக்குண்ணே!"

பொய். அது என் பைக்குள்தான் இருந்தது. அதில் உதவிக்கு யாரும் வருவதில்லை. அரண்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. மிஞ்சியவர்களைச் சரணடைந்து பிழைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தளபதி மட்டும் உள்ளேயே சாகிறான். அந்த வீரர்கள் உத்தரவு பெற்று வெளியேறினார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவன். இதை எந்தக் கையால் அவரிடம் கொடுப்பது?

கட்டடத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள், பிறகு மின்சாரத்தை. ஒரு மத்தியானம் அண்ணி மட்டும் பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் தாமுவேயில் என் வாசலில் நின்றார்.

"ஒங்க வீட்டுல இருக்கச் சொன்னாக தம்பி. எறங்குனவுக மேல கோவமில்லையாம். புள்ளகுட்டிக்காரங்க, பொழச்சுக்கட்டும்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாக."

இரண்டாம் பாதியைப் படிக்காமலேயே அண்ணன் அதன்படி செய்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பையை எடுத்துக்கொண்டு லத்தாவுக்கு ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தாவது அவரை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் கூடவே உட்கார்ந்துவிட வேண்டும். பஸ்ஸில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கட்டடத்தின் முன் முதலாளியின் ஆட்கள் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை. படிக்கட்டு திறந்துதான் கிடந்தது.

புத்தகத்தைக் கிளிப்பில் மாட்டி, கயிற்றை ஆட்டினேன்.